எலி தின்ற நான்கு வரிகள்

கிரெய்ல் பிறந்ததே திட்டு வாங்கத்தான். 'ஆல்டர்மியர் விருந்து' நாடகத்தில் அவன் பிரபு வீட்டுக் காரியஸ்தன். கறுப்பு அங்கி, கூன் விழுந்த முதுகு. நான்கு அங்கம் வரைக்கும் பிரபுவுக்குக் குனிந்து குனிந்து மது ஊற்றுவான். ஐந்தாவது அங்கத்தில் அதே மதுவில் விஷத்தைக் கலந்து நீட்டிவிடுவான். ஏன் நீட்டினான்? யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. கெட்டவன், கெட்டதைச் செய்தான், அவ்வளவுதான். லண்டனில் இன்றைக்குத் தலை நரைத்துத் திரிகிறவர்கள் எல்லாம் சின்ன வயதில் அவன்மேல் கடித்த ஆப்பிளை எறிந்தவர்கள்.

இருபத்தைந்து வருஷம் கழித்து, பிளேக் வந்து போன மறு கோடையில், ஆற்றின் தென்கரைக் கொட்டகையில் அதை மறுபடி போட்டபோதும் ஜனம் ஆப்பிளோடுதான் வந்தது. பிற்பகல் வெயில் கூரையில்லாத நடுக்களத்தில் கொளுத்தியது. சாகக் கிடந்த பிரபு முழங்கையை ஊன்றி எழுந்து, "ஏன் செய்தாய், சொல்" என்றான். கிரெய்ல் வேஷம் கட்டியிருந்த கில்பர்ட் ஸ்டார்க்கி மெல்ல நிமிர்ந்தான். நான்கு அங்கமாக வளைந்திருந்த முதுகு அப்போதுதான் நேரானது.

"இருபது வருஷம், நாளைக்கு மூன்று வேளை,
உன் கோப்பையில் முதல் வாய் என் வாய்.
உனக்குப் பதிலாகச் சாவதே என் சம்பளம்.
இன்று ஒரு வாய், எனக்காக நீ சுவைத்துப் பார்."

ஒரு ஆப்பிள்கூடப் பறக்கவில்லை. களத்தில் நின்றுகொண்டு கொட்டை உடைத்துத் தின்றுகொண்டிருந்த சமையல்காரிகள், குதிரைக்காரர்கள், கோப்பை தூக்கிகள் எல்லோருடைய தாடையும் நின்றது. மேலே, மெத்தை போட்ட இடத்தில் உட்கார்ந்திருந்த சீமாட்டிகளின் விசிறிகளும் நின்றன.

மூன்றாவது மாடத்தில், கடைசி வரிசைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற தாமசின் பெல் என்ற பெண்ணுக்கு முதலில் வந்தது சந்தோஷம். உடம்பெல்லாம் சூடாக ஏறிய சந்தோஷம். அது பாதி மூச்சுகூட நீடிக்கவில்லை. பின்னாலேயே பயம் வந்தது. ஏனென்றால் அந்த நான்கு வரிகளை எழுதியது நாடகாசிரியன் இல்லை. அவன் செத்து எத்தனையோ வருஷம். எழுதியது அவள்.

நாடகத்தை முழுசாக யாருக்கும் எழுதிக் கொடுக்கிற வழக்கம் அந்தக் கொட்டகைகளில் கிடையாது. முழுப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான். நடிகனுக்கு அவன் பேச்சு மட்டும் நீளமான காகிதச் சுருளில் எழுதித் தரப்படும். அடுத்தவன் பேசுவதில் கடைசி இரண்டு மூன்று சொல் மட்டும் மேலே இருக்கும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் தன் வரியைச் சொல்ல வேண்டும். அந்தச் சுருள்களை எழுதித் தருவது தாமசினின் அப்பா அம்புரோஸ் பெல்லின் தொழில். ஊருக்கு அப்படித்தான் தெரியும். நான்கு வருஷமாக அம்புரோஸின் கை ஒரு கரண்டிக் கஞ்சியைக்கூடச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோகாது. நான்கு வருஷமாக எழுதுவது மகள். சரக்கு அவளுடையது, பெயர் அவருடையது. பெண் எழுதிய சுருளைப் பிடித்து எந்த நடிகனும் மனப்பாடம் பண்ணமாட்டான், ராசி இல்லையாம்.

கிரெய்லின் பழைய சுருளைப் பார்த்துப் புதுசு எழுதும்போது, "ஏன் செய்தாய், சொல்" என்பதற்குக் கீழே காகிதத்தில் ஒரு ஓட்டை இருந்தது. நான்கு வரி அளவு. முழுப் புத்தகமோ மறு அனுமதிக்காக நாடகங்களைத் தணிக்கை பண்ணுகிற அலுவலகத்தில் கிடந்தது.

"எலி தின்னிருக்குப்பா" என்றாள்.

"காலியா விடு தாமி. புத்தகம் வந்ததும் பாத்துப் போட்டுக்கலாம்" என்றார் அம்புரோஸ்.

புத்தகம் வரவில்லை. சனிக்கிழமை வந்துவிட்டது. கில்பர்ட்டின் ஆள் வாசலில் நின்று சுருளைக் கேட்டுக் கத்தினான். தாமசின் இறகை மையில் தோய்த்தாள். அந்த ஓட்டை இருந்த இடத்தில் தன் வாயை வைத்தாள். யோசிக்கவே இல்லை. பல வருஷமாக அந்த வரிகள் அவள் பல்லுக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றிருந்தன போல.

நாடகம் போட்ட மூன்றாம் நாள், புதன்கிழமை காலையில் கில்பர்ட் வந்தான். வேஷம் இல்லாமல் பார்த்தால் அவன் தொப்பையும் சிரிப்புமாக ரொட்டிக் கடைக்காரன் மாதிரி இருப்பான். அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"அம்புரோஸ் அண்ணே, கதவைத் தாப்பாப் போடுங்க."

"என்னாச்சு?"

"என்ன ஆகணும்? ஒரு பெரிய வீட்டுல முந்தாநேத்து விருந்து. அங்க கோப்பைக்காரன் ஒருத்தன், வாட்னு பேரு, நாப்பது வயசு, புள்ளைகுட்டிக்காரன். வழக்கம்போல எசமானுக்கு முன்னாடி ஒரு வாய் குடிச்சுக் காட்டணுமில்ல? குடிக்கல. கோப்பைய அவர் முன்னாடி வெச்சுட்டு, 'இன்னிக்கு ஒரு வாய், எனக்காக நீ சுவைச்சுப் பாரு'ன்னுட்டான்."

அம்புரோஸ் கையை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டார். "விஷமா?"

"விஷம் என்ன விஷம்! நாய்க்கு ஊத்திப் பாத்தாங்க, அது ஏப்பம் விட்டுட்டு இன்னும் கேட்டுச்சாம். ஆனா அந்த ஆளு வெள்ளிக்கிழமை தூக்குல தொங்கப் போறான். எசமானைக் கொல்ல மனசால நெனச்சானாம். இப்ப பெரிய வீடு எதுலயும் யாரும் நிம்மதியா சோறு திங்கறதில்ல. ஒவ்வொரு கோப்பைக்காரன் மூஞ்சியையும் உத்து உத்துப் பாக்கறாங்க."

தாமசின் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். முகத்தை யாருக்கும் காட்ட முடியவில்லை.

"என்னையும் கூட்டிட்டுப் போனாங்க" என்றான் கில்பர்ட். "லேத்தம்னு ஒரு அதிகாரி. பூனை மாதிரி சத்தமே இல்லாத ஆளு. ஏன் விஷம் வெச்சேன்னு என்னையக் கேக்கறான்! ஐயா, நான் வெக்கல, கிரெய்ல் வெச்சான்னேன். கிரெய்ல் ஏன் வெச்சான்னான். எனக்கு என்னங்கய்யா தெரியும், என் சுருள்ல என் பேச்சு மட்டும்தான இருக்கு, முன்னாடி பேசறவன் வால்ல மூணு வார்த்தை. முப்பது வருஷமா நடிக்கறேன், ஒரு நாடகத்துலயும் முழுக்கதை எனக்குத் தெரியாதுன்னேன். பக்கத்துல நின்ன ஆளு சிரிச்சுட்டான். இவன் சிரிக்கல. புத்தகத்துல இந்த நாலு வரி இல்லையே, உன் வாயில எப்படி வந்துச்சுன்னான்."

"இல்லையா?"

"இல்லியாம். அனுமதி இல்லாத வரி. சுருளக் குடுன்னான்."

"குடுத்துட்டியா?"

"குடுக்காம? வாயில போட்டு முழுங்கவா? எட்டு முழம் இருக்குண்ணே அது." கில்பர்ட் குரலைத் தாழ்த்தினான். "கையெழுத்த ஒத்துப் பாக்கப் போறானாம். எழுதினவனுக்கு..." தன் இடது கையைக் கத்தி போல நிறுத்தி, வலது மணிக்கட்டில் ஒரு வெட்டு வெட்டிக் காட்டினான். "பழைய சுருள்ல இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. இருந்துச்சுல்ல அண்ணே?"

அம்புரோஸ் தலையைக் குனிந்துகொண்டார். கில்பர்ட் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். முப்பது வருஷம் நடித்தவனுக்கு மௌனத்தைப் படிக்கத் தெரியும்.

"காலியா விடுன்னு சொன்னேனே தாமி."

"புத்தகம் வரலியேப்பா. கில்பர்ட் அங்க போய் ஊமையா நிக்கவா?"

"அந்த ஓட்டையப் பாத்தியா நீ? சரியாப் பாத்தியா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பார்த்திருந்தாள். ஓட்டையின் நான்கு ஓரமும் நேராக இருந்தன. எலியின் பல்லுக்கு அளவுகோல் பிடிக்கத் தெரியாது. பார்த்தும், எலி என்றே சொல்லிக்கொண்டாள். எலி என்றால்தானே எழுதலாம்.

"யாருப்பா வெட்டினது?"

"நான்தான்" என்றார் அம்புரோஸ். "முதல்முதல்ல நாடகம் போட்டப்போ. அங்க ஒரு காரணம் இருந்துச்சு. கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு. வெட்டிட்டு, வேற ஒரு வரி எழுதித் துண்டு ஒட்டினேன். துண்டு எப்பவோ உதிந்து போயிருக்கு."

"முதல்ல இருந்ததுல என்ன எழுதியிருந்துச்சு?"

"மறந்துட்டேன். மறக்கறதுக்குத்தான் கூலி குடுத்தாங்க."

கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு, அவசரமே இல்லாமல்.

தாமசினின் வலது நடுவிரலில் இறகு அழுத்திக் காய்ப்பு விழுந்திருந்தது. பக்கத்தில் மைக்கறை. அவள் தொட்டியிலிருந்த ரொட்டி மாவுக்குள் இரண்டு கையையும் மணிக்கட்டு வரைக்கும் அமுக்கினாள்.

லேத்தம் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் சுத்தமான நகமுமாக உள்ளே வந்தான். பின்னால் ஒரு காவலாள். லேத்தம் உட்கார்ந்து, கிரெய்லின் சுருளை மேஜைமேல் வைத்து, பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டே பேசினான்.

"வெயில் தாங்கல. குடிக்க ஏதாவது இருக்கா?"

அம்புரோஸ் குவளையில் பீர் ஊற்றினார். பாதி மேஜையில் சிந்தியது. லேத்தம் குவளையை எடுத்தான், உதட்டுக்குக் கொண்டுபோனான், நிறுத்தினான். குவளையைத் திருப்பி நீட்டினான்.

"மொதல்ல நீ ஒரு வாய் குடி."

தான் என்ன சொன்னோம் என்பது லேத்தமுக்கே அப்புறம்தான் புரிந்தது போல. காது மடல் சிவந்தது. அம்புரோஸ் குடித்தார். லேத்தம் அதன் பிறகும் குடிக்கவில்லை.

"எழுது" என்றான். "'உன் கோப்பையில் முதல் வாய் என் வாய்.' எழுதிக் காட்டு."

அம்புரோஸ் இறகை எடுத்தார். காகிதத்தில் விழுந்தது எழுத்து இல்லை. ஈ ஒன்று மையில் விழுந்து, எழுந்து, தள்ளாடிக்கொண்டு போனது மாதிரி ஒரு கோடு. லேத்தம் அதையும் சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். சுருளில் இருந்தது முத்து முத்தான எழுத்து.

"நடிக்கறியா?"

"ஐயா, இது நடிக்கற கை இல்லீங்க. நாலு வருஷமா இப்படித்தான்."

"அப்ப நாலு வருஷமா யாரு எழுதறா?"

மாவுக்குள் தாமசினின் விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டன. நான்தான் என்று சொல்லிவிடலாம். தொண்டை வரைக்கும் வந்தது. மணிக்கட்டு ஞாபகம் வந்தது. போன வருஷம் சந்தைச் சதுக்கத்தில் ஒருவனுக்குச் செய்ததைக் கூட்டத்தோடு நின்று பார்த்திருந்தாள். மரக்கட்டை, கசாப்புக் கத்தி, பக்கத்தில் கொதிக்கிற தார். வெட்டியதைவிட வெட்டுவதற்கு முன் அவன் விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டதுதான் அவளுக்கு இன்னும் தூக்கத்தில் வரும்.

"கிறிஸ்பின்னு ஒருத்தன், எங்க மாடியில குடியிருந்தான்" என்றார் அம்புரோஸ். "படிச்ச ஆளு. அவன்தான் எழுதுவான்."

"எங்க அவன்?"

"பிளேக்ல போயிட்டான் ஐயா."

"போன வருஷம் செத்தவன் இந்த வருஷம் சுருள் எழுதினானா?"

"இது போன வருஷமே எழுதி வெச்சதுங்க. நாடகம் போடறதா இருந்துச்சு, பிளேக் வந்து கொட்டகைய மூடிட்டாங்க."

பொய் நேராக நின்றது. கொட்டகை மூடியிருந்தது நிஜம். கிறிஸ்பின் செத்ததும் நிஜம். அந்த அப்பாவி வேதப் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. நாடகம் பாவம் என்று காதைப் பொத்திக்கொள்கிறவன். காய்ச்சலில் கிடந்தபோது தாமசினின் கையைப் பிடித்து, "எனக்கு நல்ல பேர்தான் மிச்சம்" என்று சொன்னவன். அந்தப் பெயரில் அப்பா இப்போது விஷம் ஊற்றினார். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை.

லேத்தம் எழுந்து வந்து தொட்டிக்கு எதிரில் நின்றான்.

"உன் பொண்ணா? பேரு?"

"தாமசின், ஐயா."

"கைய எடு பாப்போம்."

எடுத்தாள். மாவு கையுறை போல அப்பியிருந்தது. நகத்துக்குக் கீழே ஒரு இடத்தில் கறுப்பு தெரிந்தது. அவன் கண் அங்கே போய் நின்றது.

"மை."

"மாசிக்காய் இடிச்சு மை காய்ச்சறது நான்தான் ஐயா. கழுவினாலும் போகாது, சனியன்."

"எழுத்து தெரியுமா?"

"பொம்பளைக்கு எதுக்குங்க எழுத்து? ரொட்டி மேல எழுதவா?"

காவலாள் கனைத்துச் சிரித்தான். லேத்தம் சிரிக்கவில்லை. மேஜைக்குப் போய் ஒரு காகிதத்தில் ஏதோ எழுதினான். அவளுக்கு முதுகு காட்டி, நிதானமாக. மை காய மணல் தூவி ஊதினான். திரும்பி வந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"உங்கப்பா சொன்னதுக்கு நீ சாட்சி. இதப் புடிச்சுக்க. உன் அடையாளத்தப் போடு."

காகிதம் தலைகீழாக இருந்தது.

அவள் கை தானாகவே அதைத் திருப்பப் போனது. ஒரு நூல் அளவு நகர்ந்தும்விட்டது. அந்த நூல் அளவில் அவள் லேத்தமின் கண்களைப் பார்த்தாள். அவை காகிதத்தில் இல்லை. அவள் விரலில் இருந்தன. அப்படியே நிறுத்தினாள். தலைகீழாகவே பிடித்துக்கொண்டு, மாடு வேலியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஓ, மாத்திக் குடுத்துட்டேன்" என்று சொல்லி, அவனே அதை நேராகத் திருப்பி வைத்தான். வைத்துவிட்டு அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தைக் கொண்டுவந்தான்.

எழுத்து தெரிந்தவளால் எழுத்தைப் பார்த்துவிட்டுப் படிக்காமல் இருக்க முடியாது. கண் மூடுவதற்குள் படித்துவிடும். காகிதத்தில் சாட்சி எதுவும் இல்லை. ஒரே வரிதான் இருந்தது:

'இந்தக் கிழவனின் இரண்டு கைகளும் வெள்ளிக்கிழமை வெட்டப்படும்.'

அம்மா ஞாபகம் வந்தாள். தாமசினுக்கு ஆறு வயது. அம்மாவுக்கு ஒரு பெரிய வீட்டுச் சமையலறையில் வேலை. எசமானுக்குச் சந்தேகமான பண்டம் எது வந்தாலும் முதல் கரண்டி அம்மாவுக்குத்தான். அன்றைக்குக் காட்டுக் காளான். கதவுக்குப் பின்னால் நின்று தாமசின் பார்த்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருக்க, அம்மா கரண்டியை வாயில் வைத்து, மென்று, விழுங்கி, சிரித்தாள். முகத்தில் ஒரு தசைகூட ஆடவில்லை. இடுப்பில் கட்டிய வேலைத் துணிக்குள் மறைந்திருந்த இடது கை மட்டும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அம்மா செத்தாள். எசமான் தப்பித்தார். சவத்துக்குப் போர்த்த நல்ல துணி அனுப்பினார்கள். எல்லோரும் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

அந்த நான்கு வரியைக் கோபத்தில்தான் எழுதினேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். கிரெய்லுக்கும் கோபம்தான் காரணம் என்று நினைத்திருந்தாள். இப்போது தெரிந்தது. கோபம் இருக்கிறவன் கத்துவான், கதவை உதைப்பான், ஓடிப்போவான். விஷம் வைக்கமாட்டான். நாளைக்கு மூன்று வேளை நடுங்கி, நடுங்குவது வெளியே தெரியாமல் முகத்தை வைத்துக்கொள்ளப் பழகினவன்தான் வைப்பான். செத்துப்போன நல்லவன் ஒருவனின் பெயரில் எழுத்து தெரிந்த ஒரு பெண் வாயைத் திறக்காமல் விஷத்தை ஊற்ற விடுகிறாளே, அதற்கும் அதே பயம்தான் காரணம்.

அம்மாவின் முகத்தை எடுத்துத் தன் முகத்தில் மாட்டிக்கொண்டாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க ஐயா, கோடு கோடா" என்றாள். "எந்தப் பக்கம் கீறணும்?"

லேத்தம் மூச்சு விடுவது கேட்டது. அவன் எண்ணிக்கொண்டிருந்தான் போல. கடைசியில் கீழே ஒரு இடத்தைச் சுட்டினான். அவள் இறகைக் கரண்டி பிடிப்பது போல ஐந்து விரலாலும் பிடித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோடு இழுத்தாள். கோணல் சிலுவை. மை தெறித்தது. தன் அப்பாவின் கையை வெட்டுகிற உத்தரவின் அடியில் தன் அடையாளம். வாழ்நாளில் அவள் எழுதியதில் மிகச் சின்னது அது. எழுதி முடித்தபோது தோள்பட்டை வரைக்கும் வலித்தது.

லேத்தம் காகிதத்தை இரண்டாகக் கிழித்து அடுப்பில் போட்டான்.

"நாளைக்கும் நாடகம் நடக்கணும்" என்றான். "நிறுத்தினா அந்த வரிக்கு நாங்க பயந்த மாதிரி ஆயிடும். புத்தகத்துல இருக்கற வரியச் சொல்லுங்க. 'பிசாசு ஏவியது, நான் செய்தேன்.' அவ்வளவுதான் கிரெய்லுக்குக் காரணம். நான் மேடையிலயே உக்காந்து கேப்பேன்." வாசலில் நின்று திரும்பினான். "நீயும் வா பொண்ணு. படிக்கத்தான் தெரியாது, காது கேக்கும்ல?"

கதவு சாத்தியதும் அம்புரோஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார். தாமசின் தொட்டிக்குத் திரும்பி மாவைப் பிசைந்தாள். பிசையப் பிசைய மாவு நனைந்துகொண்டே போனது. வியர்வையா, கண்ணீரா என்று அவள் பார்க்கவில்லை. அன்றைக்குச் சுட்ட ரொட்டியை இருவராலும் தின்ன முடியவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. வாட் தூக்கில் தொங்க இன்னும் ஒரு நாள். கொட்டகையில் எள் போட்டால் எள் விழாது. நின்றவர்கள் பாதிப்பேர் வேலைக்கார உடுப்பில் இருந்தார்கள். எந்த எசமான் இத்தனை பேருக்கு விடுப்புக் கொடுத்தான் என்று தெரியவில்லை. யார் கையிலும் ஆப்பிள் இல்லை. அதைப் பார்த்ததுமே தாமசின் மூன்றாவது மாடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

லேத்தம் மேடை ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கொட்டகைக்காரன் மரியாதைக்கு ஒரு கோப்பை மது கொண்டுவந்து கொடுத்திருந்தான். லேத்தம் அதை மடியில் வைத்துப் பிடித்திருந்தான்.

நான்கு அங்கமும் ஓடின. கில்பர்ட் குனிந்தான், ஊற்றினான், குனிந்தான். பிரபு குடித்தான், விழுந்தான், முழங்கையை ஊன்றி எழுந்தான்.

"ஏன் செய்தாய், சொல்."

கில்பர்ட் நிமிரவில்லை. குனிந்தபடியே வாயைத் திறந்தான். "பிசாசு..." என்பதற்குள் கீழே களத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. கத்தலே இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது மாதிரி.

"இருபது வருஷம், நாளைக்கு மூன்று வேளை."

கில்பர்ட்டின் வாய் திறந்தபடியே நின்றது. அடுத்த வரி இருபது இடத்திலிருந்து வந்தது.

"உன் கோப்பையில் முதல் வாய் என் வாய்."

யாரும் சத்தம் போடவில்லை. ஜெபம் சொல்லுகிற மாதிரி, உதட்டோடு உதடாக. ஆனால் ஆயிரம் உதடு. மரப்பலகைகள் அதிர்ந்தன. தாமசினின் கால் வழியாக அது ஏறியது. லேத்தம் முக்காலியில் பாதி எழுந்து திரும்பினான். அவன் கண்கள் களத்தைத் துழாவின, முதல் மாடத்துக்கு ஏறின, இரண்டாவதுக்கு ஏறின. சொல்லாத வாயைத் தேடினான் போல. வரியைச் சொல்லிப் பழகினவன் சொல்லுவான். அது எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்தவள்தான் வாயைப் பொத்திக்கொள்வாள்.

"உனக்குப் பதிலாகச் சாவதே என் சம்பளம்."

அவள் இடப்பக்கம் ஒரு மீன்காரி சொல்லிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் ஒரு தையல்காரன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தான். தாமசின் இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். லேத்தமின் கண் மூன்றாவது மாடத்துக்கு வந்து, வரிசை வரிசையாகப் போய், கடைசித் தூணில் நின்றது. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வாய்க்கும் நடுவில் மூடியிருக்கிற ஒரே வாய் தன்னுடையது.

அவன் பார்த்தான். துணியைப் பார்த்தான், அதைப் பிடித்திருந்த வலது கையைப் பார்த்தான். இன்றைக்கு மாவு இல்லை.

கொட்டகை மூச்சு இழுத்தது, கடைசி வரிக்காக. அவள் துணியை விட்டாள். விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டினாள். வாயைத் திறந்தாள்.

"இன்று ஒரு வாய்" என்றாள், ஆயிரம் பேரோடு சேர்ந்து, அவனையே பார்த்துக்கொண்டு. குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். "எனக்காக நீ சுவைத்துப் பார்."

மேடையில் கில்பர்ட் ஸ்டார்க்கி மெல்ல நிமிர்ந்து நின்றான். லேத்தமின் கண்கள் அவளை விட்டுக் கீழே இறங்கி, தன் மடியிலிருந்த கோப்பைக்குப் போயின. அதை யார் ஊற்றியது என்று யோசிக்கிறவன் போல வெகுநேரம் பார்த்தான். பிறகு ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், மிகக் கவனமாக, முக்காலிக்கு அடியில் தள்ளி வைத்தான்.